வெளிச்சி மீனுக்கு எடுத்த கோல்

சின்ன மீனுக்குக் கனத்த கோல் ஆகாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கையே கண்டுபிடித்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

போன மாதம் திண்டிவனத்தில் என் மகன் மூன்று தூண்டில் கோல்களை வரவழைத்துக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பதைத் தொடப்போகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்குப் போய் உட்காரப் போகிறானாம். மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் சொன்னாராம். "பொடி மீனுக்குன்னே செஞ்ச கோலும்மா, இதுல எது நல்லதுன்னு தெரியல" என்று போனைப் பார்த்துப் பார்த்து எடையைப் படித்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றாக எடுத்து, அடியைப் பிடித்து, நுனியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தேன். இரண்டை ஒதுக்கிவிட்டு ஒன்றை அவன் மடியில் போட்டேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவனிடம் அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். உங்களில் பாதிப் பேர் என்னைப் போல எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். நிதானமாகப் படியுங்கள். எனக்கும் அவசரமில்லை.

எங்கள் ஊர் விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில். ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். அந்த வருஷம் கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. கோடி போன மூன்றாம் நாள் தம்பி பிறந்தான். அம்மாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, என் அத்தை, திண்டிவனத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கினாள். பெட்டியில் அவளுக்கு இரண்டு புடவை. மீதியெல்லாம் பூண்டு, சுக்கு, மிளகு, ஓமம். தன் தம்பிக்காக வாழ்ந்தவள் அத்தை. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் கெட்டவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன்.

வந்த அன்றே அறையிலிருந்து தண்ணீர்ப் பானையை வெளியே எடுத்து வைத்தாள்.

"பச்ச ஒடம்பு. தண்ணி பட்டா ஜன்னி கண்டுடும். எங்க சின்னம்மா தாகம் தாங்காம ஒரு சொம்பு குடிச்சா. மூணாம் நாளு பாடையில போனா. என் கண்ணால பாத்தேன்."

காலையில் அரை டம்ளர் சுக்குத் தண்ணீர். சாயந்திரம் அரை டம்ளர். அவ்வளவுதான். முப்பது நாளைக்கு என்றாள். நம் வீடுகளில் அப்போது எல்லாருக்கும் அப்படித்தான், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு நாத்தனார் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு வாரம் தம்பி நன்றாகக் குடித்தான். பத்தாம் நாளுக்கு மேல் பால் குறைந்தது. வாய் வைப்பான், இழுப்பான், விட்டுவிட்டு அழுவான். அத்தை அம்மாவின் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வெளிச்சி மீனு வேணும். அதுதான் பால ஊற வைக்கும். விரலுக்கு மேல நீளம் கூடாது, பெரிய மீனு மந்தம். வலையில புடிச்சதும் ஆவாது. வலையில மாட்டுனது பயந்து சாவுது, அந்த பயம் பாலுல எறங்கும். தூண்டில்ல புடிச்சாரணும். தெனம்."

அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். வெட்டு ஆரம்பித்தால் வாரத்துக்கு ஒருதரம்தான் வீடு. "நான் போலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவான்க்கா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ புடிப்பியாடி?"

"புடிப்பேன்."

அதுவரை நான் தூண்டிலைத் தொட்டதுகூட இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்று நின்றது நின்றதுதான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், பிறகு விட்டுவிட்டார்.

வீட்டில் இருந்தது அப்பாவின் விரால் கோல். மூங்கில் கழி, என் மணிக்கட்டுப் பருமன், என்னைப்போல் இரண்டு ஆள் உயரம். இரண்டு கையாலும் தூக்கிக் கரையில் நின்றேன். மண்புழு கோத்துப் போட்டேன். வெளிச்சி அடியில் மேயும் மீன் இல்லை. தண்ணீரின் மேல்தோலில் ஓடுவது. அது அப்போது எனக்குத் தெரியாது. அப்படியும் ஒன்றிரண்டு வந்து தொட்டன. தொட்டது கைக்குத் தெரியவே இல்லை. தக்கை அசைந்ததைக் கண்ணால் பார்த்து இழுத்தால், வெளிச்சியின் உதடு காகிதம் மாதிரி, பிய்ந்து தூண்டில் முள்ளில் நின்றுவிடும். மீன் தண்ணீருக்கே போய்விடும். சாயந்திரம் வரை நின்று மூன்று மீன். அத்தை அதைக் கழுவிக்கொண்டே, "மூணு மீனுக்கு எந்தப் பாலு ஊறும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று ராத்திரி தம்பி அழுதது எனக்கு வேறு மாதிரி கேட்டது. என்னைக் கேட்டு அழுகிற மாதிரி.

விடிந்ததும் வேறு கோல் தேடினேன். முதலில் நொச்சிக் குச்சி. லேசாக, நேராக இருந்தது. ஆனால் விறைப்பு. இரண்டாம் நாளே காய்ந்து நடுவில் முறிந்தது. பிறகு தென்னை ஈர்க்கு நான்கைச் சேர்த்துக் கட்டினேன். அது தலையைக் குனிந்தது குனிந்ததுதான், நிமிரவில்லை. கடைசியாக ஏரிக்கரை மூங்கில் புதருக்குள் நுழைந்தேன். பெரிய கழிகளை எல்லாரும் வெட்டிக்கொண்டு போவார்கள். கணுவிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சிம்பை யாரும் சீண்ட மாட்டார்கள். முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே போய் ஏழெட்டு சிம்பை வளைத்துப் பார்த்து ஒன்றை வெட்டினேன். அடுப்புக்கு மேல் பரணில் புகையில் இரண்டு நாள் வைத்தேன். வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும் என்று எனக்கே தோன்றியது. விளக்கெண்ணெய் தடவினேன்.

எடுத்துப் பார்த்தால் கையில் ஒரு கோழிக்குஞ்சு உட்கார்ந்த கனம். இரண்டு விரலால் பிடிக்கலாம். நுனியை ஆட்டினால் ஆட்டம் நுனியோடு நிற்கும், கைக்கு வராது. மீன் தொட்டால் மட்டும் கைக்கு வரும். அந்த ஏரியில் அப்படி ஒரு கோல் அன்று வேறு யாரிடமும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

கண்டாச்சிபுரம் சந்தையில் அப்பா வாங்கி வைத்திருந்த தூண்டில் நரம்பில் மெல்லியதாக ஒரு பாகம் கட்டினேன். இருந்ததிலேயே சின்ன முள். தக்கை வேண்டாம். புழுவும் வேண்டாம். மேலே ஓடுகிற மீனுக்கு மேலே விழுகிற இரை வேண்டும். ஈ.

ஈக்கு எங்கே போவது. கரும்புக் கொல்லை ஓரம் வெல்லம் காய்ச்சும் கொட்டகை இருந்தது. அங்கே ஈ கறுப்பாய் அப்பியிருக்கும். தேங்காய்ச் சிரட்டையால் மூடி மூடிப் பிடித்தேன். பாகு கிண்டுகிறவர் அடுப்பு வேக்காட்டில் சட்டையில்லாமல் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எங்க ஈய எல்லாம் புடிச்சிக்கினு போறே?"

"ஈ உங்களுதா?"

"பின்ன? எங்க வெல்லத்த துன்னு வளந்தது. மொதலாளி வந்து கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"மீனு துன்னுடுச்சின்னு சொல்லுங்க."

அவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கொப்பரை விளிம்பில் ஒட்டியிருந்த சூடான வெல்லத்தைச் சுரண்டி ஒரு இலையில் வைத்துக் கொடுத்தார். "உங்கம்மாவுக்குப் புள்ள பொறந்துக்குதாமே, குடு" என்றார். வழியிலேயே நான் தின்றுவிட்டேன்.

ஈயின் முதுகில் முள்ளைக் கோத்து, இறக்கை ஒடியாமல், கையை ஒரு சொடுக்கு. அது தண்ணீரில் விழுவது தெரியக்கூடாது, உட்காருவது போல் இருக்க வேண்டும். அந்தச் சிம்பால்தான் அது முடிந்தது. ஈ உட்கார்ந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் எழும். கையில் குறுகுறுவென்று வரும். இழுக்கவே வேண்டாம், தூக்கினால் போதும். வெள்ளித் துண்டு போல ஆடிக்கொண்டு வரும்.

முதல் நாள் முப்பது. அடுத்த நாள் நாற்பதுக்கு மேல். தூக்குவாளியில் மீன் துள்ளுகிற சத்தத்தோடு தெருவில் நடந்து வருவேன். பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அத்தை அவர்களிடம், "என் தம்பி மவ கோலெடுத்தா ஏரியே வாயத் தொறக்குது" என்றாள். புளி இல்லாமல், பூண்டும் மிளகும் அரைத்து விட்டு, சுண்டச் சுண்ட வைத்து அம்மாவுக்குக் கொடுப்பாள். அம்மா தின்றாள். தின்ன முடியாமல் தின்றாள்.

அவள் உதடு வெடித்திருந்தது. பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும்.

"மீனு தொண்டையில எறங்கல. ஒரு வாய் தண்ணி குடுடி."

"அத்த திட்டும்மா. நாளைக்கு இன்னும் பொடியா புடிச்சாறேன்."

இதுதான் நான் சொன்ன பதில். ஒரு தரம் இல்லை, தினமும்.

ஒரு நாள் மத்தியானம் ஏரியிலிருந்து நேராக அறைக்குள் போனேன். இடுப்பு வரை நனைந்திருந்தேன். அம்மா என் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தாள். கையில் சுருட்டி, வாயில் வைத்து உறிஞ்சினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. துணி சக்கையாகும் வரை உறிஞ்சிவிட்டு விட்டுவிட்டாள். ஏரி நிறையத் தண்ணீர் நின்ற கார்த்திகை அது. நான் நாள் முழுதும் அந்தத் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அத்தை கடைக்குப் போன நேரம், பின்பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைக்கும் தொட்டியில் அம்மா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், சொல்லாதே என்று.

நான் சொன்னேன். அத்தை வாசற்படி ஏறுமுன்பே ஓடிப்போய்ச் சொன்னேன். ஜன்னி வந்து அம்மா செத்துப்போவாள் என்று பயம். அது உண்மை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதுவும் உண்மை. நான் இத்தனை பாடுபட்டுப் பிடித்த மீன் வீணாகிவிடும் என்ற ஆத்திரம்.

அத்தை அம்மாவைத் திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏன்மா இப்படி பண்ற, நீ போயிட்டா இந்த ரெண்டையும் நான் இன்னா பண்ணுவேன்" என்று அழுதாள். பிறகு பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டினாள். கழுநீரைத் தூர எடுத்துப்போய்க் கொட்டினாள். குடிக்கிற தண்ணீரைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள்.

தம்பியின் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாக ஆனது. பிறகு அதுவும் எப்போதாவதுதான். துணி காய்ந்தே இருந்தது. காலையில் போட்ட துணி சாயந்திரமும் காய்ந்தே இருக்கும். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "சமத்து, துணிய நனைக்கவே மாட்டேங்குறான்" என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, துவைக்கிற வேலை எனக்கு. தம்பியின் உச்சந்தலையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் அத்தை எண்ணெய் வைத்தாள். எண்ணெய் அங்கேயே தேங்கி நின்றது.

மூன்றாம் நாள் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு அத்தை சொன்னாள்: "மீனு பெருசா பூடுச்சிடி. அதான் பாலு வரல. இன்னும் பொடியா வேணும். உன் கோலு பெரிய மீனத்தான் இழுக்குது."

அவள் பழியாகச் சொல்லவில்லை. ஏதாவது வழி இருக்காதா என்று சொன்னாள். நான் அதைப் பழியாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் இன்னும் மெல்லிய சிம்பு தேடி மூங்கில் புதருக்குப் போனேன். ஒன்றை வளைப்பேன், தடிமன் என்று விடுவேன். அடுத்ததை வளைப்பேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் என் சுண்டு விரலில் பாதிகூட இல்லாத ஒன்று கிடைத்தது. கையெல்லாம் ரத்தக் கீறலோடு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். வெட்டுக்குப் போயிருந்த அப்பா காலையில் வந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாராம். அத்தையும் பின்னாலேயே போனாளாம். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு.

வெயில் சாய்கிற நேரத்துக்கு வந்தார்கள். துண்டு அப்படியே அப்பாவின் கையில் இருந்தது, போனபோது சுற்றின மாதிரியே. டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. பஸ்ஸிலேயே முடிந்துவிட்டதா, டாக்டர் பார்த்தாரா, அதுவும் எனக்குத் தெரியாது. தெருவில் கண்ணேறு என்றார்கள். ஒருத்தி, மீன் துள்ளத் துள்ளத் தெருவழியாக எடுத்து வந்தால் கண் படாமல் என்ன செய்யும் என்றாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இனி பத்தியம் எதற்கு என்று அன்று சாயந்திரமே அம்மாவுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் குடித்தாள். இரண்டு நாளில் மார்பு கட்டிக்கொண்டு, ரவிக்கையெல்லாம் பாலாக நனைந்தது. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப வேல செய்யுது பாரு மீனு. நாலு நாளு முன்னாடி செஞ்சிருக்கக் கூடாதா."

நானும் அதையே நம்பினேன். நான்கு நாள் முன்னால் அந்த மெல்லிய சிம்பைக் கண்டுபிடித்திருந்தால் தம்பி இருந்திருப்பான் என்று நம்பினேன். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. கல்யாணமாகி, கணவன் வீடு போய், நாற்று நட்டு, மல்லாட்டைக் கடலை பிடுங்கி, அத்தனை வருஷமும். மூங்கில் புதரைக் கடந்து போகும்போது என் கண் தானாக மெல்லிய சிம்பைத் தேடும். தேடிவிட்டு, இப்போது எதற்கு என்று திரும்பும்.

என் தலைப்பிள்ளை, மகள், விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அம்மா கூட இருந்தாள். மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்து பார்த்தார்.

"பால் பத்தலன்றியே, தண்ணி எவ்ளோ குடிக்கிற?"

"பச்ச ஒடம்பாச்சேங்க" என்றேன்.

"யாரு சொன்னது அதெல்லாம்? தண்ணி குடிக்காம பால் எங்கருந்து வரும்? கெணத்துல ஊத்து இல்லாம எறச்சா வருமா?" அம்மாவிடம் திரும்பி, "குடுங்கம்மா, கேக்குற அளவுக்கு" என்றார்.

"கேக்குற அளவுக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"கேக்குற அளவுக்கு." அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா செம்பைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. செம்பைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "அண்ணிகிட்ட இதச் சொல்லிக்கினு இருக்காத" என்றாள். அவள் அண்ணி என்றது அத்தையை.

மறுநாள் அத்தை திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். வயதாகிவிட்டது, கால் வீக்கம். துணிப்பையில் பூண்டு, சுக்கு. கட்டிலோரம் தண்ணீர்ச் செம்பைப் பார்த்ததும் அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் அண்ணி" என்றாள் அம்மா. "நர்ஸம்மாதான் குடுக்கச் சொல்லிக்கிறாங்க. தண்ணி குடிச்சாதான் பால் ஊறுமாம்."

சொல்லாதே என்று என்னிடம் சொன்னவள், அவளே சொல்லும்படி ஆயிற்று. அவள் வாழ்நாளில் அத்தைக்கு எதிராகப் பேசியது அந்த ஒரு தரம்தான். அத்தையின் கை நீட்டியபடியே நின்றது.

"அப்போ..." என்றாள் அத்தை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும், "அப்போ..." என்றாள்.

"அப்போ ஒண்ணும் இல்ல அண்ணி. அவ்ளோ தூரம் வந்துக்கிறீங்க, உக்காருங்க. காப்பி குடிங்க."

பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி அத்தையின் கையில் வைத்தாள். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, அன்னைக்கு மாட்டுத் தொட்டியாண்ட, நாந்தான் அத்தகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். செம்பை என் வாயில் வைத்து அழுத்தினாள்.

"பேசாத. குடி."

குடித்தேன். முழுச் செம்பும் தீரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அத்தையின் கையில் காப்பி ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது.